உன் கிரகத்தில் யாரும் கொட்டாவி விடுவதில்லை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் அடித்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான் கடிதம்.

உன் விண்வெளித் தொடரைப் பற்றி இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா எழுதுகிறாள், பெருமைதான், ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இருபத்தொன்பது வாரம் ஆகிவிட்டது, இனியும் முடியாது. நான் ஏழு வருஷமாக ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் பராமரிப்பாளன். ஃபேனுக்கு எண்ணெய் போடுவது, மைக்கைச் சரிபார்ப்பது, செருப்பு அலமாரியைத் துடைப்பது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது எல்லாம் நான். பக்தர்களை நீ பார்த்ததைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உன் கிரகத்தில் இருக்கிறார்களே, அப்படி ஒருத்தரைக்கூட இதுவரை பார்த்ததில்லை.

அது என்ன, சாமி கும்பிடுகிறவன் என்றாலே தரை வரைக்கும் ஓர் அங்கி? அதற்குப் பைகூட இல்லை. உன் தலைமைக் குரு மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பார்? எல்லோரும் ஒரே குரலில் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். எங்கள் கூடத்தில் முன்வரிசை முடிக்கும்போதுதான் பின்வரிசை ஆரம்பிக்கும். யாரும் கொட்டாவி விடுவதில்லை, எந்தக் குழந்தையும் அழுவதில்லை, ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்க யாரும் கைக்குட்டை போடுவதில்லை. எங்கள் கூடத்தில் ஏழு வருஷத்தில் நடந்த மிகப்பெரிய மதச்சண்டையே அந்த ஃபேன் இடத்துக்காகத்தான்.

இன்னொன்று. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அங்கே இருக்கிற கடவுள் கடைசியில் ஒரு பழைய கம்ப்யூட்டராகத்தான் இருக்கிறார். ஒரு தடவை சரி. நாலு தடவையா?

கோபித்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் போனது அம்மாவுக்குத் தெரியாது.

உன் தம்பி


பிப்ரவரி 15

டேய் தம்பி,

நலம். முதுகுவலியும் நலமாக என் கூடவே இருக்கிறது. நாற்காலி மாற்றவில்லை. உன் கடிதத்தை எங்கள் எழுத்து அறையில் சத்தமாகப் படித்தேன். நாலு பேர் சிரித்தார்கள், தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கிகள் மொத்தம் நாற்பது. தையற்கடையில் ஒருமுறை தைத்தது. கிரகத்துக்குக் கிரகம் சாயம் மட்டும் மாற்றுவோம். முதல் கிரகத்தில் வெள்ளை, இரண்டாவதில் காவி கலந்த மஞ்சள், மூன்றாவதில் சாம்பல், இப்போது கறுப்பு. கறுப்புக்கு மேல் வேறு சாயம் ஏறாது. அதனால் இனிமேல் புது மதம் கிடையாது. பை வைத்துத் தைக்கச் சொன்னால் தையற்காரர் தனிக்கூலி கேட்கிறார்.

கொட்டாவிக்கும் காரணம் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு நாற்பத்திரண்டு நிமிஷம்தான். ஒருத்தன் வெறியன் என்று மூன்று நொடியில் பார்க்கிறவனுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். கொட்டாவி விட்டால் நல்லவன் என்று நினைத்துவிடுவார்களாம். 'வெறியன்னா கத்தணும், கண்ணு சிவக்கணும்' என்று தயாரிப்பாளர் மேஜையைத் தட்டிச் சொல்கிறார். முந்திய தொடர்களையும் சேர்த்து மூன்று வருஷமாக இதே பாட்டு. விஞ்ஞானி என்றால் தலை கலைந்திருக்கும், சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். பக்தன் என்றால் அங்கி, சொல்வதெல்லாம் தப்பு. எனக்கே அலுத்துவிட்டது. உன்னிடம் வேறு திட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நீ சொல்வது எனக்குத் தெரியாதது இல்லை. வெறி பிடித்தவர்கள் கத்துவதே இல்லை. அவர்கள் உனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுப்பார்கள், தலை வாரிவிடுவார்கள். அடுத்த மாதம் அப்படி ஒரு காட்சி வருகிறது, பார். சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மாவைக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன்.

நீ சொன்ன காட்சியைப் பார்த்தோம். அம்மா வழக்கம்போல கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டி.வி.க்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு நட்சத்திரப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, விடிந்தால் கப்பல் கிளம்புகிறது. அவளை வளர்த்த 'மூத்தவள்' அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறாள். பூட்டின சாவியைக் கொண்டுபோய்க் கோயில் காணிக்கைக் குடத்தில் போடுகிறாள். குடம் முத்திரை வைத்தது, யாரும் திறக்க முடியாது. கப்பல் போய்விடுகிறது. அந்த அம்மா கத்தவில்லை, கண் சிவக்கவில்லை. 'இது உன் நல்லதுக்குத்தான்' என்று ஏதோ மருந்து கொடுக்கிற மாதிரி சொல்கிறாள்.

இதுவரை நீ எழுதியதிலேயே நம்ப முடியாத காட்சி இதுதான். விண்கலம் கண்டுபிடித்தவர்களுக்கு இன்னும் பூட்டும் சாவியுமா என்பதை விட்டுவிடுகிறேன். சாவியை யாராவது காணிக்கையாகப் போடுவார்களா? எங்கள் கூடத்துக் காணிக்கைப் பெட்டியை மாதம் ஒருமுறை நான்தான் திறக்கிறேன். அதில் சட்டைப் பொத்தான் வந்திருக்கிறது, பாதி மாத்திரை அட்டை வந்திருக்கிறது, ஒருமுறை யாருடைய பல்செட்டோ வந்தது. சாவி வந்ததே இல்லை. மதம் பிடித்தவர்களுக்கும் வீடு திரும்ப வேண்டும், அக்கா. எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வாள்?

அம்மாவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. காட்சி முடியும் முன்பே எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி அடுக்கிய பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். பக்தர்களை நீ இப்படிக் காட்டினதில் மனசு புண்பட்டிருக்கும். அடுத்த வாரமாவது கொஞ்சம் பார்த்து எழுது.

சளி பிடிக்கும் காலம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு.

தம்பி


ஏப்ரல் 12

அக்கா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வரவில்லை. ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கேட்டால் 'ஷூட்டிங்டா' என்று வைத்துவிடுகிறாய். முன்பெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உட்காருகிற அம்மா, இப்போது உன் போன் வந்தால் துணி காயப்போடப் போய்விடுகிறாள். மழையிலும் போகிறாள். காய்ந்த துணியை நனைத்துக் கொண்டுவந்தாள் நேற்று.

தொடரையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்குச் சரியாகப் படுத்துக்கொள்கிறாள். கூடத்துக்கு மட்டும் போகிறாள். ஆனால் உள்ளே வந்து உட்காராமல் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்புகிறாள்.

இது எல்லாம் உன் ஒரு காட்சியால் வந்தது. நான் வேடிக்கையாக ஆரம்பித்தது உண்மைதான். இப்போது வேடிக்கை இல்லை. நீ அம்மாவிடம் ஒரு வார்த்தை 'உன்னை நினைத்து எழுதலம்மா' என்று சொன்னால் முடிந்துபோகும். அதைச் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?

பதில் போடு. உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

அந்தக் காட்சி அப்படித்தான் இருக்கும். மூன்று வருஷத்தில் நான் எழுதின எல்லாவற்றையும் யாராவது மாற்றியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒரு சொல்கூட மாற்ற விடவில்லை. தயாரிப்பாளர் அந்த அம்மாவைக் கத்தச் சொன்னார். நடிகையும் கத்தத் தயாராக இருந்தார். கத்தினால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னேன். அதனால்தான் மெதுவாகப் பேசுகிறாள்.

நீ கேட்ட வார்த்தையை என்னால் சொல்ல முடியாது.

ஜூன் கடைசியில் தொடர் முடிகிறது. கடைசி வாரத்தில் மூத்தவள் எரிந்து சாக வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்கிறார். ஜூன் இருபதுக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு இவ்வளவுதான்.

அம்மாவின் மூட்டுத் தைலம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொடு.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

நலம். தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

எரிக்கப் போகிறாயா? அதை எழுதக் கை கூசாதா? அம்மா வயசில் ஒருத்தி, சாமி பேரைச் சொல்கிற ஒருத்தி, அவளை டி.வி.யில் கொளுத்திக் காட்டினால் அம்மா உன்னோடு இனி எப்படிப் பேசுவாள்? அவள் பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீ பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள். அதற்கு முன்னாலேயே கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாய். விசேஷ நாட்களில்கூட வந்ததில்லை. எதைத் தெரிந்துகொண்டு எங்களைப் பற்றி எழுதுகிறாய்? அம்மா உன்னைப் பட்டினி போட்டாளா, அடித்தாளா? இன்றைக்கும் உனக்காகத் தினமும் கைகூப்புகிறாள். அவளைப் போன்றவர்களைச் சாவியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வதைக்கிற பேயாகக் காட்டி நீ சம்பாதிக்கிறாய்.

ஒன்று செய்யப் போகிறேன். எங்கள் கூடத்தில் முப்பது வருஷத்து 'கண்டெடுத்த பொருள்' நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. எனக்கு முன்னால் இருந்த காவலாளி ஒரு குண்டூசி கிடைத்தாலும் எழுதிவைக்கிற மனிதர். எல்லாவற்றையும் எடுத்துப் படித்து, காணிக்கைப் பெட்டியில் ஒரே ஒரு சாவிகூட விழுந்ததில்லை என்று உனக்கு எழுதி அனுப்புகிறேன். அதைக் கொண்டுபோய் உன் தயாரிப்பாளரிடம் காட்டு.

உடம்பைக் கவனித்துக்கொள். கோபத்திலும் அதைச் சொல்கிறேன்.

தம்பி


மே 14

தம்பி,

பரணில் ஏறாதே. தூசி உனக்கு ஆகாது. சும்மா சொல்லவில்லை. வேண்டாம்.

அக்கா


மே 30

அக்கா,

எப்படி இருக்கிறாய்? கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

நீ வேண்டாம் என்றதும் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அத்தனை நோட்டையும் இறக்கினேன். மூன்று நாள் தும்மிக்கொண்டே படித்தேன். குடை, மூக்குத்தித் திருகு, ஒற்றைச் செருப்பு, குழந்தையின் பால்புட்டி என்று பக்கம் பக்கமாகப் போனது. பிறகு இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய நோட்டில் இது இருந்தது. பழைய காவலாளி எழுதிவைத்தபடியே எழுதுகிறேன்.

'முழுநாள் பிரார்த்தனை அன்று காலை காணிக்கைப் பெட்டியில் வீட்டுச் சாவி ஒன்று. போட்ட அம்மா மாலை திரும்பக் கேட்டார். கமிட்டியார் மூவர் முன்னிலையில் பெட்டி திறந்து ஒப்படைக்கப்பட்டது.'

கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. தேதியைப் பார்த்தேன். அந்த வருஷம் உன் இறுதிப் பரீட்சை ஆரம்பித்த நாள் அது. உனக்கு உடம்பு சரியில்லாததால் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை, மறுவருஷம் எழுதினாய் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது ஆறு வயசுப் பையன், அம்மைக்கட்டு வந்து தாடை வீங்கிச் சித்தி வீட்டில் இருந்தேன். அப்பா வேலைக்கு வெளியூர் போயிருந்தார். வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வாள் என்று நான் எழுதினேன். அந்த வரியை நீ எப்படிப் படித்தாயோ. ஐந்து வாரம் பதில் வராமல் போனதற்கு உன்னைத் திட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன்க்கா. நோட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 7

என் தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீ வருத்தப்படாதே. உனக்குத் தெரியக்கூடாது என்று நான்தான் வைத்திருந்தேன். அம்மாவோடு இருக்கப்போகிறவன் நீ. உனக்கு ஒரு நல்ல அம்மா இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் கூடத்தில் ஒரு புதுப் பேச்சாளர் வந்திருந்தார். படித்த பெண்கள் கடவுளை மறந்துவிடுவார்கள் என்று வாராவாரம் இனிமையாகப் பேசுவார். அம்மா அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு வருவாள். முழுநாள் பிரார்த்தனையும் பரீட்சையும் ஒரே நாளில் வந்தன. நான் பரீட்சைக்குத்தான் போவேன் என்றேன். அம்மா வாதாடவில்லை. காலையில் எனக்குத் தலை வாரிவிட்டாள், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி வைத்தாள். பாத்திரத்தைப் பையில் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. 'இது உன் நல்லதுக்குத்தான்மா' என்று வெளியிலிருந்து சொன்னாள். ஜன்னலுக்குக் கம்பி. கத்திப் பார்த்தேன். தெருவே அன்றைக்குக் கூடத்தில் இருந்தது. சாவி காணிக்கைப் பெட்டியில் விழுந்ததும் நோட்டில் ஏறினதும் பழைய காவலாளி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் போயிற்று, அது பரவாயில்லை. மாலையில் கதவைத் திறந்துவிட்டு 'சாப்பிடு' என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எனக்கு முழங்கால் வலி பற்றிச் சொல்கிறாள், மழை பற்றிச் சொல்கிறாள். நானும் தைலம் வாங்கிக்கொள் என்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படியே பேசிக்கொண்டிருக்கிறோம். சில நாள் போனை வைத்தபிறகு சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

நீ முதல் கடிதத்தில் சொன்னதெல்லாம் சரி. அங்கியும் சாயமும் கூச்சலும் சுத்தப் பொய். அந்தப் பொய்யை எழுதி எழுதி வெறுத்துப்போய்த்தான் ஒருமுறை எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அதை மட்டும் நீ நம்பவில்லை. படித்துவிட்டுச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அழுதேன்.

மூத்தவளை எரிக்கவில்லை. தயாரிப்பாளரோடு பேரம் பேசி வேறு முடிவு வைத்திருக்கிறேன். சாகும் முன்னால் அவள் அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். பொய்தான். ஆனால் ஒருமுறையாவது யாராவது அதைச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன். இருபதாம் தேதி கொடுக்க வேண்டும்.

அம்மாவிடம் இதைக் காட்டாதே. கிழித்துப் போட்டுவிடு.

அக்கா


ஜூன் 14

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தபோது தம்பி கூடத்தில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தான். தபால்காரர் என் கையில் கொடுத்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு. பிரித்துவிட்டேன். இரண்டு தரம் படித்தேன். பிறகு அவனிடம் கொடுத்தேன். பாவம், அவன்தான் அழுதான்.

நீ டி.வி.யில் காட்டினவள் நான்தான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீ என்னைக் கேவலப்படுத்திவிட்டாய் என்று நான் எழுந்து போகவில்லை. நீ எழுதினது சரியாக இருந்தது. அதனால்தான் உட்கார முடியவில்லை. உன் குரலைப் போனில் கேட்கவும் முடியவில்லை. தம்பி அதைத் தப்பாக நினைத்துக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறான், இப்போதுதான் சொன்னான்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. அந்த நடிகை சாவியைப் போட்டதும் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். நான் போகவில்லை. சாவி என் கையில் இருந்தால் பாதி வழியிலேயே திரும்பி வந்து திறந்துவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் பெட்டியில் போட்டேன். போட்ட சத்தம் கேட்டதும் அந்தத் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து விட்டுப் பார்த்தேன். விரல் கிழிந்தது. பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்று கமிட்டிக்காரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் திறந்திருப்பார்கள். உனக்குப் பாதிப் பரீட்சையாவது கிடைத்திருக்கும். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று மாலை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்தி அவ்வளவுதான்.

இதை உன் கதையில் சேர்க்காதே. சேர்த்தால் பார்க்கிறவர்களுக்கு அவள் மேல் இரக்கம் வந்துவிடும். உள்ளே நீ அடைபட்டுக் கிடக்கும்போது எனக்கு எதற்கு இரக்கம்?

அந்தக் கூடத்தில் இப்போது என்னால் உட்கார முடியவில்லை. கடவுள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் உன்னைப் பூட்டச் சொல்லவில்லை. நான்தான் பூட்டிவிட்டு அவர் பேரைச் சொன்னேன்.

உன் முடிவை மாற்று. அவளைக் கொல்வதானால் கொன்றுகொள். ஆனால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதாதே. காசு வாங்கிக்கொண்டு நடிக்கிற ஓர் அம்மா உன்னிடம் அதைச் சொல்லிவிட்டால், நான் சொன்னதாக நீ மனசைத் தேற்றிக்கொள்வாய். நானும் சொல்லிவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். நமக்கு அது பழகிப்போய்விட்டது.

கேட்க வேண்டியவள் நான். அன்றைக்கு நான் உனக்குச் செய்தது தப்பு. 'சாப்பிடு' என்று சொன்ன இடத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதையும் எழுது. படித்துக்கொள்கிறேன்.

பதிலை என் பேருக்கே போடு. தம்பி பிரிக்க மாட்டான்.

உன் அம்மா